கடல் தாண்டினாலும் அறுந்துபோகாத காப்பீடு: அயலகத் தொழிலாளர்களின் கோரிக்கைச் சாசனம்

துபாயிலும் ஷார்ஜாவிலும், ரியாத்திலும் தம்மாமிலும், குவைத்திலும் தோஹாவிலும், சிங்கப்பூரிலும் உழைக்கிற, உழைத்துத் திரும்பிய தமிழ்நாட்டுக்காரர்களும் எங்கள் வீட்டாரும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். தமிழ்நாடு அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், எங்களை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்களும் வேலை கொடுப்போரும் என நான்கு தரப்பையும் பார்த்துப் பேசுகிறோம். யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பது அந்தந்த இடத்தில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர் மருத்துவக் காப்பீட்டில் பணத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று கேட்டால், மலிவான பாலிசியைத் தேடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். மலிவுக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், ராஸ் அல் கைமா, ஃபுஜைரா ஆகிய எமிரேட்டுகளில் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயமாகியுள்ள அடிப்படைக் காப்பீட்டின் விலை ஆண்டுக்கு 320 திர்ஹம். இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய், மேலே வரி. இதற்குக் கீழே விலை இறங்காது.

எங்கள் பணம் கரைவது பிரீமியத்தில் இல்லை, ஒரு காப்பீடு முடிந்து இன்னொன்று தொடங்காத இடைவெளியில். விசா இருக்கும்வரை அங்கே ஒரு கார்டு. விசா ரத்தானதும் அது வெறும் பிளாஸ்டிக். ஊருக்கு வந்து புதிதாகப் பாலிசி எடுத்தால், சுகருக்கும் பிரஷருக்கும் மூன்று வருடம் காத்திரு என்கிறார்கள். விடுமுறையில் வந்து மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால், அந்தக் கரையின் கார்டு இங்கே செல்லாது, இந்தக் கரையில் கார்டே கிடையாது. இருபது வருடம் ஏதோவொரு காப்பீட்டுக்குள் இருந்த மனிதர், நோய் வரத் தொடங்கும் ஐம்பது வயதில், காப்பீட்டுக்கே புது ஆளாக விமானத்திலிருந்து இறங்குகிறார். நிலத்தை விற்பதும் நகையை வைப்பதும் அப்போதுதான் நடக்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். காப்பீடு விசாவோடு ஒட்டியிருப்பது போதாது, ஆளோடு ஒட்டியிருக்க வேண்டும்.

அங்கே என்ன இருக்கிறது

குறை சொல்லுமுன் உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். சவூதி அரேபியாவின் கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 1999-இல் வந்தது. தனியார் துறையில் வேலைபார்க்கும் வெளிநாட்டவருக்கும் அவரோடு அங்கே தங்கும் குடும்பத்துக்கும் முதலாளியே காப்பீடு எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. அபுதாபி 2005-இலும் துபாய் 2013-இலும் சட்டம் போட்டன. மீதி எமிரேட்டுகளும் இப்போது வந்துவிட்டன. துபாயில் தொழிலாளியின் பிரீமியத்தை அவர் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. காப்பீடு இல்லையென்றால் விசா புதுப்பிக்க முடியாது. நம் ஊரில் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு எந்த மேஸ்திரியும் இன்சூரன்ஸ் கார்டு எடுத்துத் தருவதில்லை. அந்த வகையில் வளைகுடாச் சட்டங்களை நாங்கள் மதிக்கிறோம்.

ஆனால் அந்தக் கார்டுக்கு உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். 320 திர்ஹம் திட்டத்தில் வெளிநோயாளியாகப் போனால் செலவில் 25 விழுக்காடு எங்கள் பங்கு, உச்சவரம்பு ஒரு தடவைக்கு 100 திர்ஹம். மருந்துக்கு 30 விழுக்காடு நாங்கள் கொடுக்க வேண்டும், அதுவும் ஆண்டுக்கு 1,500 திர்ஹம் வரைதான் மருந்துச் சலுகை. உள்நோயாளிக்கு 20 விழுக்காடு, ஒரு தடவைக்கு 500, ஆண்டுக்கு 1,000 என்ற வரம்போடு. திட்டம் தொடங்கியபோது அறிவித்த பட்டியலில் 7 மருத்துவமனைகள், 46 கிளினிக்குகள், 45 மருந்துக் கடைகள் இருந்தன. பெரிய ஆபரேஷன் வந்தால் இந்த ஏற்பாடு நன்றாகவே காப்பாற்றும். நாள்பட்ட நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்பதும் நல்ல விஷயம். சிக்கல் சின்ன நோயில்தான். ஆயிரம், ஆயிரத்து இருநூறு திர்ஹம் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று தொழிலாளர் கேம்பில் இருப்பவர்களைக் கேளுங்கள். காய்ச்சலுக்குக் கிளினிக் போனால் டாக்டருக்கும் மருந்துக்குமாக எழுபது எண்பது திர்ஹம் போய்விடும் என்றால், பனடால் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வது எங்களுக்குள் ஊறிப்போன பழக்கம். அங்கே விற்கும் விலைக்கு இங்கே பாதிகூட ஆகாது என்பது கணக்கு. ஆனால் டாக்டரைப் பார்க்காமல் வருடக்கணக்கில் அதே மாத்திரை, அதே அளவு. ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், நண்பனுக்காகப் பொட்டலத்தை வாங்கி வந்தவர் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், பல், கண்புரை. இவற்றுக்கெல்லாம் கேம்பில் ஒரே பதில், ‘வெக்கேஷன்ல பாத்துக்கலாம்’. மருந்துச் செலவு ஒரு காரணம். ஆபரேஷன் முடிந்து படுத்தால் பக்கத்தில் ஆள் இல்லை என்பது இன்னொன்று. லீவு போட்டால் வேலை என்னாகும் என்ற பயம் எல்லாவற்றையும் விடப் பெரியது. அப்படித் தள்ளிப்போட்டு ஊர் வந்தவரை இந்தியக் காப்பீட்டு விதி எப்படி வரவேற்கிறது என்பதைக் கீழே சொல்கிறோம். இந்தச் சாசனம் எழுத வேண்டிய அவசியமே அங்கேதான் வந்தது.

தமிழ்நாடு அரசிடம்

கேரள அரசு 2025 செப்டம்பரில் ‘நோர்க்கா கேர்’ என்ற குழுக் காப்பீட்டைத் தொடங்கியது. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வாழும் கேரளத்தவருக்கானது. கணவன், மனைவி, 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 13,411 ரூபாய். 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் அதில் அடக்கம். தனி ஆளுக்கு 8,101 ரூபாய். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் காத்திருப்பு இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒரே கேம்பில், அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் மலையாளிக்குக் கிடைப்பது எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

தமிழ்நாட்டில் 2011-இலேயே வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் இயற்றப்பட்டது. அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, தனி ஆணையரகமும் இருக்கிறது, ஆண்டுதோறும் ஜனவரி 12 அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த மேடையிலிருந்து எங்களுக்கு வேண்டிய அறிவிப்பு இதுதான்: வாரிய உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் குறைந்தது 5 லட்சம் ரூபாய்க்கு, மருத்துவப் பரிசோதனை இல்லாமல், ஏற்கெனவே உள்ள நோயையும் முதல் நாளிலிருந்தே ஏற்கும் குழு மருத்துவக் காப்பீடு. பிரீமியத்தை நாங்கள் கட்டுகிறோம். ஒப்பந்தப்படி மாதம் 1,500 திர்ஹமுக்கோ அதற்கு ஈடான தொகைக்கோ கீழே சம்பளம் வாங்குபவர்களுக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கும் பாதியை அரசு ஏற்க வேண்டும்.

கேரளத்தின் ஏற்பாட்டைக் காப்பியடித்தால் மட்டும் போதாது. மூன்று விஷயங்களில் அதைத் தாண்ட வேண்டும்.

முதலாவது, ஊர் திரும்பியவர். வெளிநாட்டில் இருப்பதற்கான சான்று முடிந்ததும் காப்பீடும் முடியும் என்றால் பழைய கதையேதான். உறுப்பினராக இருந்தவர் நிரந்தரமாகத் திரும்பிய பிறகும் அதே குழுவில், அதே பிரீமியத்தில், 70 வயது வரை தொடர வழி வேண்டும். காப்பீட்டு நிறுவனம் இதற்குத் தயங்கும், தெரியும். இளைஞர்கள் நிறையச் சேர்ந்தால் முதியவர் செலவை அந்தக் குழு தாங்கும். இருபத்திரண்டு வயதில் கப்பல்பட்டறைக்குப் போகிற வெல்டரை முதல் நாளே சேர்த்துவிட்டால் கணக்கு தானாகச் சரிவரும்.

இரண்டாவது, பெற்றோர். வளைகுடாக்காரர் வீட்டு மருத்துவச் செலவில் பெரும்பங்கு அப்பா அம்மாவுக்குத்தான். 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. அந்தச் செய்தி எங்கள் பெற்றோர் பலருக்கு எட்டவே இல்லை. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கும் தெருக்கள் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் காயல்பட்டினத்திலும் உண்டு. ஆதாரைக் கையில் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கு அலைய அவர்களால் ஆகாது. வாரியமே வீடு தேடி வந்து பதிவு செய்யட்டும். 60-க்கும் 70-க்கும் இடையில் இருப்பவர்களைக் குழுக் காப்பீட்டில் கூடுதல் பிரீமியத்துக்குச் சேர்க்கட்டும்.

மூன்றாவது, மருத்துவமனை. கேஷ்லெஸ் பட்டியலில் சென்னை, கோவை, மதுரைப் பெயர்களாகவே வரிசை கட்டி நின்றால், முதுகுளத்தூர்க்காரருக்கும் மணமேல்குடிக்காரருக்கும் அந்தப் பட்டியல் எதற்கு? இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, நாகப்பட்டினம், பெரம்பலூர், கள்ளக்குறிச்சி என ஆள் அதிகம் போகும் ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்த பிறகே திட்டம் தொடங்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றியும் ஒன்று. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் அருமையான திட்டம் அது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டில் மகன் இருக்கிறான் என்றால் வருமானச் சான்று கிடைப்பது கடினம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. வருமானம் இருக்கும்போது அந்தத் திட்டத்தைக் கேட்கவில்லை. ஆனால் வேலை போய், எக்ஸிட் அடித்து ஊர் வந்தவரையும் ஊரார் இரண்டு மூன்று வருடம் ‘சபராளி’ (வெளிநாட்டில் சம்பாதிப்பவர்) என்றே பார்க்கிறார்கள், அலுவலகமும் அப்படியே பார்க்கிறது. விசா ரத்தான தாளைக் காட்டினால் முப்பது நாளுக்குள் வருமானத்தை மறுமதிப்பீடு செய்து, தகுதி இருந்தால் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று வருவாய்த் துறைக்கு அரசாணை வேண்டும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம்

இந்தியாவில் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்தால், விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் முப்பது நாள் பாதுகாப்பு இல்லை. எங்களில் பெரும்பாலோருக்கு விடுமுறையே முப்பது நாள்தான். ஊர் வந்த அன்றே பாலிசி எடுத்தாலும், திரும்ப விமானம் ஏறும் நாளில்தான் அது கண்விழிக்கும். குடலிறக்கம், மூலம், கல், கண்புரை போன்ற பட்டியலிட்ட நோய்களுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்பு. வெக்கேஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்ட நோய்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் வரிசையாக இருக்கின்றன. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பை 2024-இல் நான்கு வருடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தீர்கள், 65 வயது வரம்பை எடுத்தீர்கள், கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம் என்றும் டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம் என்றும் கெடு வைத்தீர்கள். எல்லாம் நல்லது. அவை எல்லாமே இங்கே தொடர்ந்து வாழ்கிறவரை மனதில் வைத்துச் செய்தவை.

ஓர் இந்தியப் பாலிசியிலிருந்து இன்னொரு இந்தியப் பாலிசிக்கு மாறினால் கழிந்த காத்திருப்பு வருடங்கள் கூடவே வருகின்றன. கம்பெனிக் குழுக் காப்பீட்டிலிருந்து தனிப் பாலிசிக்கு மாறவும் வழி உண்டு. இதே உரிமையை வெளிநாட்டுக் கட்டாயக் காப்பீட்டில் இருந்த வருடங்களுக்கும் தாருங்கள். சவூதியில் இகாமா (குடியிருப்பு அனுமதி) எண்ணோடும் அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடியோடும் காப்பீட்டுப் பதிவு இணைந்திருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை காப்பீட்டில் இருந்தார் என்பதைத் தாளில் எடுப்பது பெரிய வேலை இல்லை. தொடர்ந்து மூன்று வருடம் அப்படி இருந்தவர், திரும்பிய 90 நாளுக்குள் இந்தியப் பாலிசி எடுத்தால் அவருக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது என்று ஒரே ஒரு சுற்றறிக்கை போதும்.

நோய் வந்தவர்கள் மட்டும் ஓடிவந்து சேர்வார்கள், நிறுவனங்களுக்கு நட்டம் என்பார்கள். காப்பீடே இல்லாமல் இருந்தவருக்கு நாங்கள் சலுகை கேட்கவில்லை. வருடம் தவறாமல் காப்பீட்டுக்குள் இருந்ததைக் காட்டுகிறவருக்கு மட்டுமே கேட்கிறோம். முடிவு செய்யப் புள்ளிவிவரம் வேண்டும் என்றால், அயலகத் தமிழர் நல வாரியத்தையும் கேரளத்தின் நோர்க்கா அமைப்பையும் வைத்து இரண்டு வருடம் சோதித்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டே இந்தியப் பாலிசி எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அது சரியான யோசனை என்றே நாங்களும் நினைக்கிறோம். காத்திருப்பு வருடங்கள் அங்கே இருக்கும்போதே ஓடிவிடும். ஆனால் வருடத்தில் பதினோரு மாதம் இந்தியாவில் கால் வைக்காதவரிடமும் முழு பிரீமியம் வாங்குவது என்ன கணக்கு? அங்கே முதலாளி கட்டுகிறார், இங்கே நாங்கள் கட்டுகிறோம், ஒரே உடம்பு. பாஸ்போர்ட் முத்திரையைக் காட்டினால், இங்கே இல்லாத மாதங்களுக்கு, தொழிலாளியின் பெயருக்கான பிரீமியத்தில் குறைந்தது பாதியைத் தள்ளுபடி செய்யும் பாலிசியை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். மனைவி மக்களுக்கான பங்கில் கை வைக்க வேண்டாம்.

வரி பற்றியும் ஒரு முரண் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, குழுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு தொடர்கிறது. தனியாகப் பாலிசி எடுக்க வசதி உள்ளவருக்கு வரி இல்லை, வசதி இல்லாமல் கூட்டாகச் சேரும் தொழிலாளிக்கு வரி உண்டு. மாநில அரசு வாரியங்கள் நடத்தும் புலம்பெயர் தொழிலாளர் குழுக் காப்பீட்டுக்கு இந்த வரி வேண்டாம் என்று ஜி.எஸ்.டி. மன்றத்தில் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

வெளியுறவு அமைச்சகத்திடம்

பிரவாசி பாரதிய பீமா யோஜனா 2003-இல் தொடங்கியது. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரும் விபத்துக் காப்பீடு என்ற அளவில் அது பயனுள்ளது. மருத்துவச் செலவுக்கு அது தருவது 1 லட்சம், ஒரு தடவை படுத்தால் 50,000 வரை. இது கட்டாயமாவது, குடியேற்ற அனுமதி தேவைப்படும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு, அரசு பட்டியலிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவருக்கு மட்டும். பத்தாம் வகுப்பு தேறாத ஹெல்பருக்கு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறி, ஐ.டி.ஐ. முடித்த வெல்டர் அந்தக் கட்டாயத்துக்கு வெளியே. இருவரும் ஏறி நிற்பது ஒரே சாரம்தான். சிங்கப்பூர் அந்தப் பதினெட்டிலேயே இல்லை.

படிப்பையும் நாட்டையும் பார்க்காமல், வேலை விசாவில் போகும் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள். மருத்துவத் தொகையை 5 லட்சமாக உயர்த்தி, விடுமுறையில் ஊரில் படுத்தாலும் செல்லும்படி செய்யுங்கள். இந்தியக் காப்பீட்டின் முப்பது நாள் ஓட்டையை அடைக்க இதைவிட எளிய வழி எங்களுக்குத் தெரியவில்லை.

1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு மசோதாவின் வரைவை 2025-இல் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தீர்கள். ‘நலன்’ என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. அந்த நலனுக்குள் மருத்துவக் காப்பீட்டின் பெயரையும் எழுதுங்கள். பிலிப்பைன்ஸ் 2010-இல் தன் சட்டத்தைத் திருத்தியபோது, ஏஜென்சி வழியாகப் போகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கட்டாயக் காப்பீட்டை ஏஜென்சியே தன் செலவில் எடுக்க வேண்டும், தொழிலாளியிடம் ஒரு காசு வாங்கக்கூடாது என்று எழுதியது. அவசரச் சிகிச்சைக்காக ஊருக்குக் கொண்டுவரும் செலவும், மருத்துவமனையில் கிடப்பவரைப் பார்க்க வீட்டில் ஒருவர் போய்வரும் செலவும்கூட அதில் உண்டு. நம் சட்டத்தில் ஏஜென்ட் 30,000 ரூபாய் வரை சேவைக் கட்டணம் வாங்கலாம். அதற்கு மேல் எவ்வளவு கைமாறுகிறது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்த ஏஜென்ட்டால் 375 ரூபாய் கட்ட முடியாதா?

வளைகுடா அரசுகளோடு தொழிலாளர் உடன்படிக்கை பேசும்போது, எங்கள் மீது விழும் அந்த 25, 30 விழுக்காட்டுப் பங்கைப் பற்றியும் பேசுங்கள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் தொழிலாளர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டை 2023 ஜூலை 1 முதல் 15,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 60,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். முதல் 15,000-ஐத் தாண்டிய செலவில் நான்கில் மூன்று பங்கு காப்பீட்டு நிறுவனத்துக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு. பங்கு வைக்கத்தான் வேண்டும் என்றால் அதை முதலாளி பக்கம் வைக்கலாம் என்பதற்கு இது அத்தாட்சி. விடுதிகளில் இருப்போருக்கான ஆரம்பச் சிகிச்சைத் திட்டத்தில் கிளினிக்குக்குப் போனால் தொழிலாளி கொடுப்பது 5 வெள்ளி. இத்தனை விழுக்காடு என்று சொல்லாமல் இத்தனை வெள்ளி என்று சொல்வதால், உள்ளே போகுமுன்னே அவருக்குத் தன் செலவு தெரிகிறது. எங்கள் கோரிக்கையும் அதுதான்: சின்ன நோய்க்கு விழுக்காடு வேண்டாம், நிலையான ஒரு சிறு தொகை போதும்.

2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி தூதரகங்களில் இருக்கிறது. மருத்துவமனைப் பில் கட்ட முடியாமல் கிடப்பவருக்கு அதிலிருந்து உதவ வழி உண்டு. எந்த நிலையில், எவ்வளவு, யாரிடம் கேட்க வேண்டும் என்பது தமிழில் அச்சாகி ஒவ்வொரு கேம்பிலும் ஒட்டப்பட வேண்டும். புறப்படுமுன் நடக்கும் ஒருநாள் பயிற்சியிலும் அரை மணி நேரம் உண்மையான இன்சூரன்ஸ் கார்டைக் கையில் கொடுத்து, அதில் எது எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள். அந்த நாட்டின் பெருமைகளைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வேலை கொடுப்போரிடமும் ஏஜென்ட்களிடமும்

பிரீமியத்தை வேறு பெயரில் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். ‘விசா செலவு’, ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்புகளில் என்ன ஒளிந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒப்பந்தத்தில் ‘மருத்துவ வசதி உண்டு’ என்ற ஒரு வரி போதாது. எந்தத் திட்டம், எந்த மருத்துவமனை வரிசை, எங்கள் பங்கு எவ்வளவு என்பது தமிழில் ஒரு பக்கத்தில் வர வேண்டும், கையெழுத்துப் போடுமுன். சிகிச்சை நடுவில் இருப்பவரின் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். வேலை முடிந்து போகும்போது ஃபைனல் செட்டில்மென்ட் தாளோடு, காப்பீட்டில் இருந்த காலத்துக்கான சான்றும் சிகிச்சைப் பதிவுகளும் கொடுங்கள். அந்தச் சான்று இல்லாமல், மேலே நாங்கள் ஆணையத்திடம் கேட்டிருப்பது நடக்காது.

எங்களுக்குள்

அரசுகள் அசைய நாளாகும். அதுவரை கையில் உள்ளதைக் காப்பாற்ற, எங்களுக்கு நாங்களே சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொள்கிறோம்.

புதிதாக விசா வந்து புறப்படும் தம்பிகள், போகுமுன்பே ஊரில் சிறியதாக ஒரு குடும்பப் பாலிசியைத் தொடங்க வேண்டும். இருபத்தைந்து வயதில் பிரீமியம் குறைவு, காத்திருப்பும் அங்கே இருக்கும்போதே தீர்ந்துவிடும். 3 லட்சம், 5 லட்சம் என்று அடிப்படைப் பாலிசி எடுத்துவிட்டு, அதைத் தாண்டும் செலவுக்கு சூப்பர் டாப்-அப் பாலிசி சேர்த்தால், ஒரே பெரிய பாலிசியைவிடச் செலவு குறையும். சுகர் இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். மறைத்து மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய், கிளெய்ம் நாளில் லட்சமாகத் திரும்பி வரும். ஒரு வருடம் கட்டாமல் விட்டால் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து. ஆகவே ரம்ஜானுக்கோ தீபாவளிக்கோ வீட்டுக்கு அனுப்பும் பணத்தோடு பிரீமியத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவது நல்லது.

அங்கே, கிளினிக்குக்குப் போகுமுன் அது நம் கார்டின் பட்டியலில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். அமீரகத்தின் 320 திர்ஹம் அடிப்படைத் திட்டத்தில் அதே நோய்க்கு ஏழு நாளுக்குள் மறுபடி போனால் எங்கள் பங்கு இல்லை. இதை அறியாமல் எத்தனையோ பேர் இரண்டாம் தடவையும் காசு கொடுத்திருக்கிறார்கள். ரூமில் ஒருவர் கார்டைக் காட்டி இன்னொருவர் மருந்து வாங்குவதை இன்றோடு நிறுத்துகிறோம். அது குற்றம் என்பது ஒருபுறம். கார்டுக்காரரின் பதிவில் இல்லாத நோய் ஏறிவிடுகிறது என்பது இன்னொருபுறம். நாளைக்கு அந்தப் பதிவை இந்தியாவில் காட்டி உரிமை கேட்கப்போகிறவர்கள் நாம்தான்.

ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் தாள், பழைய இன்சூரன்ஸ் கார்டு எதையும் கிழித்துப் போடாதீர்கள். போனில் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

இந்தச் சாசனத்தின் பிரதிகள் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும், வெளியுறவு அமைச்சகத்துக்கும், ஐதராபாத்தில் உள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும், எங்கள் மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் போகின்றன. பரிசீலிக்கிறோம் என்ற கடிதம் வேண்டாம். எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணம் என்று கோரிக்கை வாரியாக எழுத்தில் பதில் வேண்டும். குழுக் காப்பீடு பற்றிய பதிலை, வருகிற ஜனவரி 12 அன்று விழா மேடையில், பிரீமியத் தொகையோடும் தொடங்கும் தேதியோடும் எதிர்பார்க்கிறோம்.